பினாங்கில் காசு தேட எந்த டிடெக்டர் வாங்கலாம்?

கடைக்கோ ஷோப்பி இணையச் சந்தைக்கோ போகும் முன் வீட்டு உண்டியலைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் கிடக்கும் காசைக் கண்டுபிடிக்க எந்த மெட்டல் டிடெக்டர் வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தக் காசுக் குவியலில் இருக்கிறது.

இணையத்தில் டிடெக்டரைப் பரிசோதித்துக் காட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள் அல்லது ஆங்கிலேயர்கள். அவர்கள் தோண்டும் மண்ணில் செம்புக் காசும் வெள்ளிக் காசும் கிடைக்கின்றன. செம்பும் வெள்ளியும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கருவி தன் திரையில் உயர்ந்த எண்ணைக் காட்டி மணி போல ஒலிக்கும். ‘உயர்ந்த எண் வந்தால் தோண்டு, நடு எண் வந்தால் டின் மூடி, விட்டுவிடு’ என்று அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. இங்கே அதை அப்படியே பின்பற்றினால் நம் மலேசிய சென் காசுகளில் பெரும்பகுதியை மிதித்துக்கொண்டே போவோம்.

காரணம் உலோகம். 1967இல் வந்த நாடாளுமன்றக் கட்டடம் போட்ட வரிசையிலும், 1989இல் வந்த செம்பருத்தி வரிசையிலும் 5, 10, 20, 50 சென் எல்லாமே செம்பும் நிக்கலும் கலந்தவை. முக்கால் பங்கு செம்புதானே என்று நினைக்க வேண்டாம். நிக்கல் சேர்ந்ததும் கடத்தும் திறன் அடியோடு இறங்கிவிடும். அமெரிக்காவின் 5 சென்ட் காசும் இதே கலவைதான். டின் மூடியின் வளையமும் அந்தக் காசும் ஏறக்குறைய ஒரே எண்ணில் விழுவது அங்கே தேடுகிறவர்களின் தீராத புலம்பல். அவர்களுக்கு ஒரு காசில் மட்டும் இருக்கும் தொல்லை நமக்குப் பழைய சில்லறை முழுவதிலும் இருக்கிறது.

2012இல் வந்த புதிய வரிசையில் கதை மறுபடி மாறியது. 5 சென்னும் 10 சென்னும் துருப்பிடிக்காத எஃகு. இவை இன்னும் தாழ்ந்த ஒலி தரும். மஞ்சள் நிற 20 சென்னும் 50 சென்னும் நிக்கல் பித்தளை. 50 சென்னுக்கு நடுவில் செம்பு உண்டு. 1 சென்னில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். 1973க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் இரும்பு நடுவே இருக்க மேலே செம்பு போர்த்தியவை, அதனால் ஒட்டிக்கொள்ளும். 2008 ஏப்ரலில் ஐந்து சென்னுக்கு ஒட்டிக் கணக்கிடும் முறை வந்ததிலிருந்து 1 சென் புழக்கத்திலிருந்து மறைந்துவிட்டது. மண்ணில் கிடப்பதோ துருவேறி, கருவிக்கு ஆணி போலவே தெரியும்.

பிரிட்டிஷார் ஆண்ட நீரிணைக் குடியேற்றக் காலத்து வெள்ளிக் காசு, 1919 முதல் வந்த சதுர வடிவ வெண்கல ஒரு சென்ட் போன்றவைதான் இங்கே உயர்ந்த எண்ணில் பாடக்கூடியவை. அவை கிடைத்தால் யோகம். அவற்றுக்காக மட்டுமே கருவி வாங்கினால் சீக்கிரம் மனம் விட்டுப்போகும்.

ஆகவே நம் ஊருக்கு வேண்டியது அழகாக மணியடிக்கும் கருவி இல்லை. தாழ்ந்த எண்ணையும் நடு எண்ணையும் தடுமாறாமல், ஒரே காசுக்குத் திரும்பத் திரும்ப ஒரே எண்ணாகச் சொல்லும் கருவிதான் வேண்டும். அதோடு பொத்தான் குறைவாக இருக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் வைக்கும் பரீட்சை

கருவியின் அடியில் தட்டு போல இருக்கும் கம்பிச் சுருள்தான் காயில். காயிலுக்குள் ஓடும் மாறு மின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அதில் சிக்கும் உலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டம் எழும். அதன் எதிரொலி எவ்வளவு தாமதமாகத் திரும்புகிறது என்பதை வைத்துத்தான் கருவி எண் போடுகிறது. சிக்கல் என்னவென்றால், கடல்நீரும் மின்சாரம் கடத்தும். ஒரே அதிர்வெண்ணில் ஓடும் கருவியை பத்து ஃபெரிங்கி கடற்கரையின் ஈர மணலில் வைத்தால், அலை வந்து போகும் ஒவ்வொரு முறையும் காசு கிடைத்துவிட்டதைப் போலக் கூச்சலிடும். அதை அடக்க உணர்திறனைக் குறைத்தால் ஆழம் போய்விடும்.

ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் கருவிகள் அவற்றை ஒப்பிட்டு, உப்பின் பங்கைக் கழித்துவிடும். பினாங்குத் தீவில் இருப்பவர் எப்படியும் கடற்கரைக்குத்தான் போவார். அதனால் நான் சொல்வது இதுதான்: பல அதிர்வெண் கருவிகளில் ஆக எளிமையானதை வாங்குங்கள். அக்கரையில், பெருநிலத்துச் செபராங் பிறை பக்கம் இருந்துகொண்டு, பழைய தோட்டத்து லயன் வீடுகள் இருந்த இடங்களிலும் திடல்களிலும் மட்டுமே தேடப்போகிறவர் ஒற்றை அதிர்வெண் கருவியோடு நிம்மதியாக இருக்கலாம்.

பல்ஸ் வகைக் கருவிகளும் உண்டு. உப்பைச் சட்டை செய்யாமல் ஆழமாகப் போகும். ஆனால் ஆணிக்கும் காசுக்கும் வித்தியாசம் சொல்லாது. நம் கடற்கரையில் வாட்டிய மீன் கடை போட்டவர்கள் விட்டுப்போன கம்பி, கூடார ஆணி எல்லாவற்றையும் தோண்டிக்கொண்டே பொழுது போய்விடும். புதியவருக்கு வேண்டாம்.

பெயர் சொல்லிப் பார்ப்போம்

ஆஸ்திரேலிய மைன்லேப் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த வான்க்விஷ் வரிசை நான் சொல்லும் இடத்தில் சரியாக உட்காருகிறது. மூன்று மாதிரிகள்: 340, 440, 540. மூன்றுமே பல அதிர்வெண்ணில் ஓடுபவை. எண்கள் கழித்தல் 9 முதல் 40 வரை. மண்ணுக்கேற்ப நீங்கள் எதையும் திருகிச் சரிசெய்ய வேண்டியதில்லை. 340இல் இருப்பது மூன்று மோடு மட்டும்: காயின் (காசு), ஜுவல்லரி (நகை), ஆல் மெட்டல் (எல்லா உலோகமும்). 440இல் நீங்களே எண்களைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளும் மோடும், காசு இருக்கும் புள்ளியைக் காட்டும் பின்பாயிண்ட் வசதியும் கூடுதல். அந்தத் தேர்ந்தெடுக்கும் மோடு நம் காசுகளுக்கு நிஜமாகவே உதவும். பணம் இடம் கொடுத்தால் 440. 540இல் பெரிய காயிலும் திரை வெளிச்சமும் வரும். முதல் கருவிக்கு அது அவசியமென்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வரிசையின் குறை, மேலே இருக்கும் பெட்டி தண்ணீர் தாங்காது என்பது. காயிலை மட்டும் நீரில் இறக்கலாம். பினாங்கில் வானம் எப்போது பொத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? செப்டம்பர், அக்டோபரில் போகிறவர் பெட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போடாமல் கிளம்பக் கூடாது.

துருக்கியின் நோக்டா நிறுவனம் தயாரித்த சிம்ப்ளெக்ஸ் பிளஸ் முழுக் கருவியையும் மூன்று மீட்டர் வரை தண்ணீரில் முக்கலாம். கட்டுமானம் உறுதி, சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், காதுக்கும் கைக்கும் பழக எளிது. ஆனால் 12 கிலோ ஹெர்ட்ஸ் என்ற ஒற்றை அதிர்வெண்ணில் ஓடுகிறது. உலர்ந்த மணலிலும் திடலிலும் அருமை. ஈர உப்பு மணலில் பீச் மோடு போட்டாலும் ஆழத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். தண்ணீர் தாங்குவதும் உப்பு மணலில் நன்றாக வேலை செய்வதும் வேறு வேறு குணங்கள். விளம்பரத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவார்கள், கவனியுங்கள்.

அமெரிக்க கேரட் நிறுவனத்தின் ஏஸ் 300க்கு 8 கிலோ ஹெர்ட்ஸ். தலைமுறை தலைமுறையாகப் புதியவர்கள் கையில் பழகிய குடும்பம் அது. பட்டர்வொர்த் பக்கத்துத் திடலுக்குப் போதும், கடலுக்குப் போதாது.

ஷோப்பியில் கொஞ்ச விலைக்கு விற்கும் பெயரில்லாக் கருவிகளில் முள் ஆடும், ‘தங்கம்’ என்று படம் வரும். பிள்ளைகள் விளையாட வாங்கிக் கொடுங்கள். அதைவிட மோசம், ஆன்டெனா நீட்டிக்கொண்டு ‘நூறு மீட்டர் தூரத்துத் தங்கத்தைக் காட்டும்’ என்று பல்லாயிரம் ரிங்கிட்டுக்கு விற்கும் சாமான்கள். அவை சுத்த ஏமாற்று. எந்த விலையிலும் தொடாதீர்கள்.

ஆழத்தைப் பற்றி ஒரு சொல். விளம்பரங்கள் அதைத்தான் பெரிதாகப் போடும். 20 சென் அளவுக் காசை இந்த விலைக் கருவிகளில் எதுவும் ஒரு சாணுக்கு மேல் நம்பிக்கையாகச் சொல்லாது, புதியவர் எடுக்கும் காசுகளில் பெரும்பாலானவை அதில் பாதி ஆழத்திலேயே கிடக்கும். ஆழத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மிச்சமாகும் பணத்தில் கையடக்கப் பின்பாயிண்டர் ஒன்றும், ஓட்டை போட்ட மணல் அகப்பை ஒன்றும் வாங்குங்கள். குழிக்குள் காசு எந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறது என்று பின்பாயிண்டர் காட்டிவிடும். அது இல்லாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பதில்தான் புதியவரின் நேரம் கரைகிறது.

காயில் பத்து அங்குலத்தை ஒட்டியிருந்தால் போதும். பெரிய காயில் ஆழம் போகும், ஆனால் ஆணியும் காசும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பும். மொத்த எடை ஒன்றேகால் கிலோவைச் சுற்றி இருக்கட்டும். ஒரு மணி நேரம் வீசிய பிறகு தோள் உங்களுக்கு நன்றி சொல்லும்.

வீட்டிலேயே ஒரு காசுப் பட்டியல்

கருவி வந்ததும் கடற்கரைக்கு ஓடாதீர்கள். வீட்டுக்கு வெளியே, இரும்புக் கம்பி இல்லாத மண்தரையில், உண்டியல் காசுகளை ஒவ்வொன்றாக வையுங்கள். ஆல் மெட்டல் மோடில் காயிலை மேலே வீசி, வரும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். படுத்த காசு, செங்குத்தாக நிற்கும் காசு, இரண்டையும் பாருங்கள். பிறகு டின் மூடி வளையம், மைலோ டின்னின் துண்டு, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள், ஆணி, மோதிரம். அடுத்து காயின் மோடுக்கு மாற்றி அதே வேலை. அந்த மோடில் கருவி சில எண்களைத் தானாகவே மௌனமாக்கிவிடும். நம் எஃகு 5 சென்னும் 10 சென்னும் அந்த மௌனத்துக்குள் விழுகின்றனவா என்று இங்கேதான் தெரியும். விழுந்தால், அந்த மோடை உங்கள் கருவியில் மறந்துவிடலாம்.

பழைய காசு கைவசம் இல்லையென்றால் ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் சந்தைக்கு ஒரு காலைப்பொழுது போய்வாருங்கள். தேய்ந்துபோன சதுர சென்ட்டுகளைச் சில்லறை விலைக்கே குவித்து வைத்திருப்பார்கள். சோதனைக்குத் தேய்ந்ததே போதும். அங்கே பளபளக்கும் பெரிய வெள்ளி டாலரைக் காட்டி ஆசை காட்டினால் தராசு கேளுங்கள். 1903, 1904ஆம் ஆண்டு நீரிணை டாலர் 26.95 கிராம் இருக்க வேண்டும். காந்தம் ஒட்டவே கூடாது.

இந்தக் காசுகளை 5, 10, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, மேலே குச்சி நட்டு வைத்துப் பழகுங்கள். எண்ணைவிட ஒலிதான் முக்கியம் என்பது தானாகவே பிடிபடும். காசின் ஒலி உருண்டையாக, இரு பக்கமிருந்து வீசினாலும் ஒரே மாதிரி வரும். துருப்பிடித்த ஆணி ஒரு பக்கம் கத்தும், மறுபக்கம் விக்கும்.

எங்கே, எப்போது

கடற்கரையில் திங்கள் காலை நல்ல நேரம். ஞாயிறு கூட்டம் சிந்தியது இருக்கும், துப்புரவு வண்டி வந்து குழப்பியிருக்காது. சவுக்கு மர நிழல், தண்ணீர்ப் பந்தல் போட்ட இடம், கடலுக்கு இறங்கும் படிக்கட்டின் கீழ்ப்பகுதி, பாராசூட் ஏற ஆட்கள் வரிசையில் நிற்கும் இடம் என்று, மனிதர் உட்கார்ந்து எழும் இடங்களைப் பார்த்து நில்லுங்கள். தஞ்சோங் பூங்காவும் பத்து ஃபெரிங்கியும் தீவில், பந்தாய் ரொபினா பட்டர்வொர்த் பக்கம். கடல் வற்றும் நேர அட்டவணையைக் கைப்பேசியில் பார்த்து, வற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து இறங்குங்கள். ஈர மணலில் காசு கீழே கீழே இறங்கி, கெட்டியான அடுக்கில் தங்கும். பெரிய அலை மணலை அரித்துக்கொண்டு போன மறுநாள் அந்த அடுக்கு கைக்கு எட்டும்.

தோட்டங்களில் பழைய கள்ளுக்கடை நின்ற இடத்தைப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பள நாளில் காசு கைமாறியதும், கை தடுமாறி விழுந்ததும் அங்கேதான். ஜப்பான்காரன் ஆட்சியில் புழங்கியது வாழைமரம் போட்ட காகித நோட்டு. அதற்கு முந்தைய வெள்ளிக் காசுகளைச் சிலர் மண்ணில் ஒளித்தார்கள் என்று வீட்டுக்கு வீடு கதை உண்டு. கதையைக் கேளுங்கள், நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதியைக் கையில் வாங்கிக்கொண்டு தேடுங்கள்.

மாசி மகத்துக்கு மறுநாள் தெலுக் பாகாங் கரையில் நான் காயிலை வீச மாட்டேன். சாம்பல் கரைக்கும் இடங்களிலும் அப்படியே. காணிக்கையாகப் போட்ட காசு தொலைந்த காசு ஆகாது. சட்டம் எதுவும் சொல்லாவிட்டாலும் பார்க்கிறவர் மனம் புண்படும்.

போகக் கூடாத இடங்கள்

பிரான்சிஸ் லைட் 1786இல் இங்கே இறங்கியபோது, காட்டை வெட்ட ஆட்களைத் தூண்டப் பீரங்கியில் வெள்ளிக் காசை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை. கேட்டவர்களுக்கு உடனே கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் டிடெக்டரோடு போக ஆசை வரும். போகாதீர்கள். ஜார்ஜ்டவுன் 2008இல் உலக மரபுரிமைத் தலமானது. கோட்டையைச் சுற்றிய நிலம், பாடாங் கோத்தா லாமா திடல், பழைய இடுகாடுகள், எதிலும் கருவியை எடுக்க வேண்டாம். செபராங் பிறையில் தொல்லியல் தலமான குவார் கெபாவும் அப்படியே. மங்கி பீச்சும் பந்தாய் கெராச்சூட்டும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன, அங்கும் தோண்டக் கூடாது. கெராச்சூட்டில் ஆமை முட்டையிடும்.

2005ஆம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டம் பழம்பொருளுக்கும் புதையலுக்கும் பொருந்தும். பழம்பொருள் தேடி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். தற்செயலாக அப்படி ஒன்று கிடைத்தால் மரபுரிமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். சில்லறையாகச் சிந்திக் கிடக்கும் செம்பருத்திக் காசு வேறு, பானையோடு கிடைக்கும் பழங்காசு வேறு. பானையைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள், படம் பிடியுங்கள், தெரிவியுங்கள். பொதுக் கடற்கரையிலும் திடலிலும் தீவில் பினாங்கு மாநகர் மன்றத்தையும், அக்கரையில் செபராங் பிறை மாநகர் மன்றத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தாலிச் சங்கிலியோ பெயர் பொறித்த மோதிரமோ கிடைத்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கில் குண்டு போட்டன. கனமாக, உருளையாக, துருப்பிடித்த எதுவும் குழிக்குள் தெரிந்தால் தட்டிப் பார்க்காதீர்கள். விலகி நின்று 999ஐ அழையுங்கள்.

வீசுவதும் தோண்டுவதும்

காயிலைத் தரைக்கு இரண்டு விரல் உயரத்தில், தரைக்கு இணையாக வைத்து, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி ஏறும்படி நடங்கள். கைப்பேசியைப் பின்பையில் போடுங்கள், இரும்பு முனை வைத்த காலணி வேண்டாம். உணர்திறனை உச்சத்தில் வைக்காதீர்கள், கருவி புலம்பாத அளவுக்கு இறக்கி வையுங்கள். காதொலிப்பான் கட்டாயம். அலைச் சத்தத்தில் மெல்லிய ஒலி தப்பிவிடும் என்பது ஒன்று. ‘என்னண்ணே தேடுறீங்க, தங்கமா?’ என்று கூடும் கூட்டத்துக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கலாம் என்பது இன்னொன்று.

ஒலி வந்ததும் காயிலைத் தொண்ணூறு டிகிரி திருப்பி மறுபடி வீசுங்கள். இரண்டு திசையிலும் எண் ஒன்றிரண்டுக்குள் நின்றால் தோண்டுங்கள். முதல் சில மாதம் நடு எண் அனைத்தையும் தோண்டத்தான் வேண்டும். டின் மூடி நிறைய வரும், அவற்றோடுதான் நம் 20 சென்னும் வரும். புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, மூடி போலப் புல்லைத் திறந்து, எடுத்த பின் அழுத்தி மூடுங்கள். மணலிலும் குழியை மூடாமல் போகாதீர்கள், விடியற்காலையில் ஓட வருகிறவர் கால் மாட்டும். எடுத்த குப்பையை இடுப்புப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

வீடு திரும்பியதும் காயிலையும் அகப்பையையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். காசைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து மண்ணை இளகவிட்டால் போதும். குத்துவிளக்குத் துலக்குகிற கை புளியையும் சாம்பலையும் தேடும். பழைய வெள்ளி, வெண்கலக் காசை அப்படித் துலக்கினால் மேற்பரப்பு கீறிப்போய், சேகரிப்பவர் கொடுக்கும் விலை சட்டென இறங்கிவிடும். கறுத்த வெள்ளி கறுப்பாகவே இருக்கட்டும். ஆண்டு தெரியும்படி வந்த காசுகளைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு, எடுத்த இடம், ஆழம், கருவி காட்டிய எண் மூன்றையும் மேலே எழுதிவையுங்கள். அடுத்த முறை அந்த எண் வந்தால் தோண்டுவதா என்று உறையைப் பார்த்தே முடிவு செய்யலாம்.